இனாமாக வந்த சுவர்

தம்பி,

நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. "ம்மா, நீயும் அப்பாவும் எந்த ரூமை எடுத்துக்கிறீங்க? முன் ரூமா, நடு ரூமா?" என்றாய். ஒரு நாள் தலைவலி என்றேன். இன்னொரு நாள் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றேன். முந்தாநாள் நீ மறுபடியும் கேட்டபோது குழம்பு கொதிக்கிறது என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை உன் வீட்டில் பால் காய்ச்சப் போகிறோம். அதற்குள் உனக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்பது எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். சிம்மக்கல் சந்துக்குள் வந்து குடியிருக்க அம்மாவுக்கு இஷ்டமில்லை என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். அப்படியில்லை தம்பி. எனக்கு இஷ்டம் இருக்கிறது. அங்கே வந்து நிற்க முகம்தான் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாம் வீடு தேடி அலைந்த இரண்டு வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். ரிங் ரோட்டுக்கு அப்பால் பொட்டல் காட்டில் கல் ஊன்றி வைத்திருந்த மனைகள், லிஃப்ட் உண்டு என்று படம் போட்டுக் காட்டிய அடுக்குமாடிகள், சோழவந்தான் போகிற வழியில் வெற்றிலைக் கொடிக்கால் பக்கத்தில் ஒரு வீடு. ஒவ்வொன்றின் விலையையும் கேட்டுவிட்டு நாம் மூன்று பேரும் ஒரே மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வருவோம், ஏதோ பிடிக்காமல் வருகிறவர்கள் போல. வண்டியில் ஏறிய பிறகுதான் அப்பா, "இந்த வெலைக்கு மீனாட்சி கோயில் பிரகாரத்தையே ஒத்திக்கு எடுக்கலாம்" என்பார். சிரிப்போம். அதற்குப் பிறகு பழங்காநத்தத்து வாடகை வீடு வரும்வரை ஒருவரும் பேச மாட்டோம்.

அப்போதுதான் தரகர் இந்த வீட்டைக் காட்டினார். கார் நுழையாத சந்து. பன்னிரண்டு அடி அகலம், அறுபது அடி நீளம். "வீடாண்ணே இது, ரயில் பெட்டி மாதிரில்ல இருக்கு" என்றார் அப்பா. தரகர் அசரவில்லை. "அண்ணே, இடத்துக்குத்தான் வெல. கட்டடம் இனாம். இடிச்சுட்டு நீங்க பாட்டுக்குப் புதுசாக் கட்டிக்கங்க" என்றார். மொட்டை மாடியில் ஆலஞ்செடி முளைத்திருந்தது. நடு அறையில் கூரையின் ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பி மாதிரி இறங்கி, தரையில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் பட்டு, மேலே இருந்த தேக்கு உத்தரங்களில் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. நான் குப்பையைப் பார்த்தேன். நீ அண்ணாந்து அந்த அலையைப் பார்த்தபடி நின்றாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்தது, நீ ஐந்து வயதில் முதன்முதலாக வைகையில் வெள்ளம் பார்த்த அன்றைக்குத்தான்.

சுவரின் பலத்தைக் காட்டுவதற்காகத் தரகர் மேற்குச் சுவரில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை அறைந்தார். உடனே சுவருக்குள்ளிருந்து டக், டக் என்று இரண்டு தட்டு வந்தது. நான் பயந்தே போனேன். தரகர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தப் பக்கம் பரமசிவம் அண்ணே இருக்காருங்க. டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஒரு தட்டு தட்டுனா வண்டி நிக்கணும், ரெண்டு தட்டுனா போலாம் ரைட். கேட்டீங்கள்ல? அவரே ரைட் குடுத்துட்டாரு. இனி யோசிக்கக் கூடாது." நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், நாம் தட்டினால் அவருக்குக் கேட்கிறது என்பது மட்டும்தான் எனக்குள் போயிற்று. பத்திரம் எழுதுகிறவர் எல்லைகளை வாசித்தபோது அது உறுதியாயிற்று. "மேற்கே பொதுச்சுவர்" என்றார். சுவரில் பாதி நமக்கு, பாதி அவர்களுக்கு. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அதில் கைவைக்க முடியாது. "வேணாம் தம்பி, விட்டுரு" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். நீ என் காதருகே குனிந்து, எனக்கே பாதிதான் கேட்கிற குரலில், "பாத்துக்கலாம்மா" என்றாய். அந்தக் குரலைக் கேட்டதும் தலையாட்டிவிட்டேன். ஏனென்றால் அந்தக் குரல் நான் செய்தது.

நான் வளவில் பிறந்தவள். எட்டுக் குடித்தனம், ஒரு குழாய், குடித்தனத்துக்கும் குடித்தனத்துக்கும் நடுவே ஒரு செங்கல் கனத்தில் சுவர். என் அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் சண்டை போட்டார்கள். அம்மா அழுதுகொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் காலையில் நான் குடத்தோடு போனபோது, குழாயடியில் நின்ற பெண்கள் அந்த வார்த்தையை அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். எனக்குப் பதினொரு வயது. பாதிக் குடத்தோடு திரும்பி வந்தேன். என்றைக்காவது எனக்கென்று ஒரு வீடு வந்தால் அதன் நாலு சுவரும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். படித்தேன், பட்டம் வாங்கினேன், கணக்கு டீச்சர் ஆனேன். ஆனாலும் அந்தப் பாதிக் குடத்தை நான் கீழே இறக்கி வைக்கவேயில்லை.

உனக்கு நாலு வயதாக இருந்தபோது பழங்காநத்தத்தில் நம் கைக்கு எட்டுகிற விலையில் ஒரு பழைய வீடு வந்தது. நாலாவது சுவர் பக்கத்து வீட்டோடு சேர்ந்தது என்று தெரிந்ததும் நான் வேண்டாம் என்றேன். "செவுரா வந்து கூடப் படுக்கப் போகுது?" என்று அப்பா கேட்டார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நமக்கு எட்டுகிற விலையில் எந்த வீடும் வரவில்லை. இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். அப்பா ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவர் சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீடு வாங்கவிடாமல் செய்ததைவிட நான் உனக்குச் செய்தது பெரிது. நாம் இருந்த வாடகை வீடுகள் எல்லாவற்றிலும் அடுத்த வீடு ஒட்டித்தானே இருந்தது? உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து என் வாயால் நீ அதிகம் கேட்ட வாக்கியம், "மெல்லப் பேசு, செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கு" என்பதுதான். பாட்டுப் பாடினால் சொன்னேன், விழுந்து அழுதால் சொன்னேன், முதல் ரேங்க் வாங்கிவிட்டுக் கத்திக்கொண்டே ஓடி வந்தபோதும் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பையன் வாயத் தொறந்தா காத்துதான் வருது, டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார். நான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். அது எனக்கு முன்பே தெரியும்.

சரி, இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

வீட்டை இடிக்காமல் பழுதுபார்ப்பது என்று நீ முடிவு செய்தாய். இடித்தால் பொதுச்சுவரில் இருக்கும் பரமசிவம் அண்ணனின் உத்தரங்கள் அந்தரத்தில் நிற்கும் என்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நீயே உட்கார்ந்து கதவில் பூசியிருந்த பெயிண்டைச் சுரண்டினாய். ஒன்பது நிறம் வந்தது, பத்தாவதாகத் தேக்கு வந்தது. எனக்குக் கோடை விடுமுறை விட்டிருந்தபோது ஆபீஸ் வேலையாக நீ பத்து நாள் சென்னைக்குப் போனாய். "ம்மா, வேலையைப் பாத்துக்க" என்று சாவியை என் கையில் கொடுத்தாய். நீ பஸ் ஏறிய மறுநாளே நான் கொத்தனார் முத்திருளப்பனைக் கூப்பிட்டு, பொதுச்சுவரை ஒட்டி நம் பக்கத்தில் நாலரை அங்குலத்தில் தனிச்சுவர் ஒன்று எழுப்பச் சொன்னேன். முன் வாசலிலிருந்து பின் வாசல் வரை. உனக்கு நாலு சுவரும் உன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். திரும்பி வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்றுகூட நினைத்தேன்.

முத்திருளப்பன் தலையைச் சொறிந்தார். "டீச்சரம்மா, செவுரு எழுப்பணும்னா வானம் தோண்டணும். பொதுச்செவுத்து அடிமண்ணுல கை வைக்கக் கூடாதும்மா. அது இருக்குற பெலத்துல நிக்கிது." கடைக்காலுக்குத் தோண்டும் பள்ளத்துக்கு வானம் என்று பெயர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தலைக்கு மேலே இருப்பதும் வானம், காலுக்குக் கீழே வெட்டுவதும் வானம். "நான் சொல்றதச் செய்ங்க" என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில். தோண்ட ஆரம்பித்தார்கள். கடப்பாறை நாலைந்து தடவை இறங்கியிருக்கும். சுவருக்குள்ளிருந்து டக் என்று ஒரு தட்டு வந்தது. கொத்தனார் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஒற்றைத் தட்டு. ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் தம்பி. தரகர் சொன்னபோது நானும்தான் கேட்டேன். ஆனாலும், "நீங்க தோண்டுங்க" என்றேன்.

அன்று மாலை கோடை மழை பிடித்துக்கொண்டது. வெட்டிய பள்ளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. காலையில் நான் போனபோது சந்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். பரமசிவம் அண்ணனின் அடுப்படிச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. அவர் அந்த வெடிப்புக்குள் விரலை விட்டு, பஸ்ஸில் சில்லறைப் பையைத் துழாவுவது போல, ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சௌந்தரம் அக்கா வீட்டிலேயே இடியாப்பம் அவித்து விற்பவர். அன்றைக்கு அவித்த இடியாப்பம் தட்டோடு அப்படியே இருந்தது, அதன் மேல் காரை உதிர்ந்து கிடந்தது. முத்திருளப்பன் ஓடிப்போய்ச் சவுக்குக் கம்பு கொண்டுவந்து இரண்டு வீட்டு உத்தரத்துக்கும் முட்டுக் கொடுத்தார். தண்ணீரை இறைத்து, கல்லும் கான்கிரீட்டும் போட்டு அந்த வானத்தை மூடினார். நீ வருவதற்குள் தரையும் பூசியாகிவிட்டது. "தம்பி கேட்டா என்னம்மா சொல்லட்டும்?" என்றார். மழையால் ஆனது என்று சொல்லச் சொன்னேன். "நான் வாயத் தொறக்க மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன். நீங்களாச்சு, ஒங்க மகனாச்சு" என்றார்.

நீ பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே அவர்கள் வீட்டுக்குள் போனாய். நான் வாசலில் நின்றேன். "எப்படிண்ணே ஆச்சு?" என்று நீ கேட்டது காதில் விழவில்லை, உன் உதடு அசைந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பரமசிவம் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உன்னிடம், "மழைதான் தம்பி. பழைய செவுருல்ல" என்றார். நீ நம்பினாய். வாசலில் நின்ற நான் பேசாமல் இருந்தேன். அன்றைக்கே நீ நம் அடுப்படிக்கு வாங்க வைத்திருந்த கிரானைட்டும் டைல்ஸும் வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டு, முதலில் அவர்கள் சுவரைச் சரிசெய்யச் சொன்னாய். "நம்ம பக்கம் அப்புறம் பாத்துக்கலாம்மா. அந்தக்கா அடுப்பு எரியலைன்னா பொழப்பு போயிரும்" என்றாய். உன் இருபத்தைந்து வயதில் நீ அதைச் சொல்கிறாய். நாற்பத்தேழு வயதுக்காரி நான் சுவரைப் பார்த்தபடி நிற்கிறேன்.

வெடிப்பைத் தைப்பதற்காக நம் பக்கத்துப் பூச்சை உத்தரத்துக்குக் கீழே கொத்தி எடுத்தார்களே, அந்த நாளை மறந்திருக்க மாட்டாய். பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே உள்ளங்கை கனத்தில், பெரிய தட்டை முறுக்குப் போலச் சப்பைச் செங்கல்கள், வரிசை வரிசையாக, இரண்டடி கனத்துக்கு. நடுவில் வெண்ணெய் மாதிரி சுண்ணாம்பு. முத்திருளப்பன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "இங்க வந்து பாருங்க, எப்படிக் கட்டிருக்காய்ங்கன்னு" என்றார். சாரத்தில் ஏறி எட்டிப் பார்த்தேன். ஒரு நீளக் கல். அதன் மேல் நம் வீட்டு உத்தரத்தின் முனை. அதை ஒட்டி, விரல்விடவும் இடமில்லாமல், அவர்கள் வீட்டு உத்தரத்தின் முனை. அடுத்து நம்முடையது, அடுத்து அவர்களுடையது. இரண்டு கைகளைக் கோத்து வைத்தது போல அறுபதடி நீளத்துக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார் அவர். எது எந்த வீட்டுக் கட்டை என்று என்னால் சொல்ல முடியவில்லை. "ரெண்டு வீடும் ஒரே நாள்ல ஏத்துனதும்மா இது. ஒருத்தரு உருவுனா ரெண்டு பேரும் வானத்தப் பாக்க வேண்டியதுதான்."

எனக்குச் சாரத்திலிருந்து இறங்கக் கால் வரவில்லை. கோயில் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதுகூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. யார் கட்டினார்கள், யார் குடியிருந்தார்கள், ஒருவருக்கொருவர் என்ன உறவு, ஒன்றும் நமக்குத் தெரியாது. அவர்கள் போய்விட்டார்கள். தங்கள் தலைக்கு மேல் இருந்த பாரத்தை ஒரே கல்லில் பக்கத்துப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை காலம் அது நின்றிருக்கிறது. நான் ஒரே நாளில் அதன் அடிமண்ணைத் தோண்டினேன், அப்போதும் அது விழவில்லை. ஒரு விரல் அளவுக்கு வாயைத் திறந்ததோடு நின்றுகொண்டது. கட்டடம் இனாம் என்றாரே தரகர். எதை இனாம் என்று கொடுக்கிறோம் என்று அவருக்கும் தெரியவில்லை, எதை வேண்டாம் என்கிறோம் என்று எனக்கும் தெரியவில்லை. உனக்கு மட்டும் அந்த வெயில் அலையிலேயே தெரிந்திருக்கிறது. எப்படி என்று இன்னும் யோசிக்கிறேன்.

மறுவாரம் நீ ஆபீஸ் போன நேரத்தில் பரமசிவம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, அது மழையில்ல" என்று ஆரம்பித்தேன். அவர் பேப்பரை மடித்தார். "தெரியுமே. ரெண்டு தடவ ஒத்தத் தட்டு தட்டுனேன், டிரைவர் நிறுத்தலையே" என்றார்.

"பெறகு ஏண்ணே தம்பிகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"முப்பது வருசம் படியில நின்னவன் டீச்சர் நானு. டிக்கெட் எடுக்காதவன எறக்கி விடலாம். நீங்க பத்திரம் போட்டு ஏறிட்டீங்க. இனி கடசி ஸ்டாப்பு வரைக்கும் ஒண்ணாத்தான போகணும்? ஏறுன அன்னைக்கே சண்டையப் போட்டா எப்படி?"

அதற்குள் அடுப்படியிலிருந்து சௌந்தரம் அக்கா வந்தார், கையில் மாவோடு. "இவரு பெரிய மனுசன், பஸ்ஸ ஓட்டிட்டாரு. எனக்கு மூணு நாள் அடுப்புப் பத்தல, பெறகு வாசல்ல வச்சுத்தான் எரிச்சேன். அதுக்கு யாரு டிக்கெட் போடுவா?" என்றார். நான் பணம் என்று வாயெடுத்தேன். "துட்டு யாருக்கு வேணும்? மூணு நாளு வந்து இடியாப்ப ஒரலு பிழிஞ்சு குடுங்க. சரியாப் போகும். கணக்கு டீச்சருதான, மூணுன்னா மூணு."

நான் விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது அங்கேதான் தம்பி. தோள் வலிக்கிறது என்று உன்னைத் தைலம் தேய்க்கச் சொன்னது அதனால்தான். முதல் நாள் நான் பிழிந்த இடியாப்பத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், மாட்டுக்கு வைக்கோலா?" என்றார் அக்கா. மூன்றாவது நாள் ஒன்றும் சொல்லாமல் என் தட்டையும் அவர் தட்டோடு சேர்த்து அடுக்கினார். கிளம்பும்போது மட்டும், "எங்களுக்குச் சொல்லிட்டீங்க. மகனுக்குச் சொல்லிருங்க. இவரு வாயால வந்த பொய்ய இவரு எம்புட்டு நாளு சுமப்பாரு?" என்றார். அவர் கேட்டு ஒரு மாதம் ஆகிறது.

இப்போது சொல்லிவிட்டேன். அந்தச் சுவரை வெடிக்க வைத்தது மழையில்லை, நான். உன்னிடம் மறைத்ததும் நான்தான். உன் அடுப்படி இன்னும் வெறும் சிமெண்டாக இருப்பதும் என்னால்தான். புத்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. உனக்குச் சொல்ல என்னிடம் இருந்த ஒரே புத்தி, மெல்லப் பேசு என்பது. அது தப்பு.

நீ கேட்டதற்குப் பதில் இது. நீ சம்மதித்தால் எனக்கு நடு அறை வேண்டும், கட்டிலை மேற்குச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொடு. காலையில் அக்கா மாவு பிசைகிற சத்தம் அங்கேதான் கேட்கும். நேற்று நான் தனியாக அங்கே நின்று, வெள்ளையடித்த சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். குக்கர் விசில், வானொலி, அவர்கள் இருவரும் எதற்கோ சண்டை. மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் என்னை அந்த அறைக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிடு. என் காதருகே குனிந்து சொல்லாதே. வாயைத் திறந்து, தொண்டை முழுக்க, சத்தமாகத் திட்டு தம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது.

அம்மா